ஒரு ஜெபத்துக்கு ஒரு குடம்

அண்ணாச்சியிடம் மணி என்ன என்று கேட்டால் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவார். ராஜபாளையம் பஸ் போய்விட்டதா என்று கேட்டாலும் சொல்லிவிடுவார். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார். கேட்டவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். "யாருக்குச் சொல்லணும்?" என்பார்.

விவசாயிக்கு ஒரு அளவு, வீட்டுக்காரிக்கு ஒரு அளவு, கிருஷ்ணன்கோவில் காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு அளவு. "ஓடுறது ஒரே தண்ணிதானே அண்ணாச்சி" என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணி ஒண்ணுதான். கேக்குற காது வேற வேற" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மதில்தான். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடி வந்தபோதே அவர் அங்கே இருந்தார். ராஜபாளையத்தில் தண்ணீர் மோட்டார் விற்கிற கடை ஒன்றில் விற்பனை பார்க்கிறவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். எண்ணும்போது மட்டும் தன்னை அறியாமல் தெலுங்குக்குப் போய்விடுவார். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று உதடு அசைந்தால், பக்கத்தில் எதுவோ ஓடுகிறது, இவர் அதை அளந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். காலையில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வரும்போது காதில் துளசி இருக்கும். திருமஞ்சனத்துக்கு ஊற்றுகிற பாலைக்கூட அளந்துவிட்டுத்தான் வருவார் என்று என் மனைவி சொல்வாள். நான் அதைக் கேட்டதில்லை. அடுத்தவர் பக்தியில் நாம் தலையிடக் கூடாது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டுகிற வேலை. எனக்குத் தெரிந்த அளவு மீட்டர் ஒன்றுதான். துணியில் ஒரு நிம்மதி உண்டு, அது ஓடாது. போட்ட இடத்தில் கிடக்கும்.

படிப்பு குறைந்தாலும் ஜெபத்தில் ஆண்டவர் எனக்குக் குறை வைக்கவில்லை. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்று சொல்வது வழக்கம். என் ஜெபத்தின் நீளத்தைப் பார்த்து அண்ணாச்சி எனக்கு 'சின்ன ஐயர்' என்று பெயர் வைத்தார். தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் கடையில் நின்று வியாபாரம் செய்வதை ஒரு நாள் பார்த்தேன். ஒரு வாஷர் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரம் ஒருவர் மோட்டார் வாங்க வந்தார், தோட்டக்காரர். "எம்புட்டுத் தண்ணி எடுக்கும்?" என்று கேட்டார். அண்ணாச்சி மோட்டாரின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "மணிக்கு மூவாயிரம் லிட்டர்" என்றார். மூவாயிரம் என்கிறபோது குரலை இறக்கி, ரகசியம் சொல்வதுபோல் சொன்னார். வந்தவர் கண் விரிந்தது. மோட்டார் ஆட்டோவில் ஏறியது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்தார். அதே மோட்டாரைப் போன மாதம் வாங்கியவராம். "என்னய்யா மோட்டாரு இது, தண்ணி நூலு மாதிரி வருது" என்று சத்தம் போட்டார்.

அண்ணாச்சி அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. இந்த மோட்டாரு விநாடிக்கு ஒரு லிட்டர்கூட முழுசாத் தராது. முக்கால் லிட்டர், கூட ஒரு வாய். இது என்ன பிளவக்கல் அணையா? சின்ன மோட்டாரு, பச்சப்புள்ள. அதுட்டப் போயி கோவிச்சா எப்படி?"

அவரும் சிரித்துவிட்டார். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பினார் அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க வாரவருக்கு மணிக்கணக்கு. குறை சொல்ல வாரவருக்கு விநாடிக்கணக்கு" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானா அண்ணாச்சி?"

"வகுத்துப் பாரும்."

வீட்டுக்கு வந்து என் மகனை வகுக்கச் சொன்னேன். ஒன்றுதான். பொய்யே இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பொய் சொல்லாமலே ஒரு மனுசன் இம்புட்டுத் தூரம் போக முடியுமா என்று அன்று இரவு ஜெபத்தில் ஆண்டவரிடம் கேட்டேன்.

போர்வெல் போடுகிறவர்கள் 'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்று சொல்வதைக் கேட்டால் மட்டும் அண்ணாச்சிக்கே கோபம் வரும். கேட்கிற ஜனங்கள் ரெண்டு இஞ்ச் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டும் என்று நினைத்துச் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். "அது ஒரு தகரத்துல முக்கோணமா வெட்டி, அந்த வெட்டுல தண்ணி நிக்கிற உசரம்யா. குழாய்க்கும் அதுக்கும் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல" என்பார். எந்த அளவு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவரே எத்தனை நாள் இருந்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டிவியில் அணைச் செய்தி வந்தால் எங்கள் வீட்டுக்கு அவர் சத்தம் கேட்கும். "விநாடிக்கு ஆயிரம் கன அடி" என்று செய்தி முடிவதற்குள், "ஒரு கன அடின்னா ரெண்டு குடம். ரெண்டாயிரம் குடம். நம்ம தெருப் பொம்பளைய அம்புட்டுப் பேரும் வரிசையில நின்னா, கடைசி ஆளுக்கு இடுப்பு ஒடிஞ்சிரும்" என்று அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அம்மா பதில் சொன்னதை நான் கேட்டதே இல்லை. அந்த அம்மாவின் பேச்சையும் அவர் அளந்து வைத்திருந்தார். "தீபாவளிக்குத் தீபாவளி ஒரு அவுன்ஸ்" என்பார்.

ஒரு தடவை இரண்டு குடும்பமுமாக அய்யனார் கோவிலுக்குப் போனோம். அவர்கள் சாமி கும்பிட, நாங்கள் அருவியில் குளிக்க. நல்ல தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அருவியைச் சும்மா பார்க்கிற ஆளா? புளியோதரை கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு நேராக அருவிக்கு அடியில் போனார். "எத்தனை எண்ணிக்கைக்குள்ள ரொம்புதுன்னு பாத்துட்டு வாரேன்."

"ஒகட்டி" என்றார். அதற்கு மேல் எண்ண வேண்டியிருக்கவில்லை. வாளி கையில் இல்லை. பாறைக்குப் பாறை டங் டங் என்று அடித்துக்கொண்டு கீழே போய்விட்டது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வருஷத்து அவுன்ஸ் அன்றைக்கே செலவாகிவிடும் போலிருந்தது.

அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டு, "அளவு கிடைச்சிருச்சு. விநாடிக்கு ஒரு தூக்குவாளி" என்றார்.

இப்படிப்பட்டவர் கையில் என் ஜெபம் மாட்டிக்கொண்டது.

எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலைச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் வரும். முற்றத்துக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு என் மனைவி வந்து உட்காருவாள். நான் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவேன். தட்டில் இருக்கிற ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லி, அதைச் சமைத்த கைக்கு, விளைவித்த கைக்கு, சபையில் நோயாளிகளுக்கு, பிரயாணத்தில் இருப்பவர்களுக்கு, மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, மழைக்கு, ஆளுகிறவர்களுக்கு. ஒருவரை விட்டுவிட்டால் மனது உறுத்தும். ஆமென் சொல்லவும் குடம் நிரம்பவும் சரியாக இருக்கும். என் மனைவி ஆமெனோடு எழுந்து போய்க் குழாயை மூடுவாள். வந்து உட்கார்ந்து, "உங்க ஜெபத்துல ஊரு உலகமெல்லாம் வருது, இந்த இட்லி மட்டும் ஆறிப் போகுது" என்பாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டு நின்ற அண்ணாச்சி இதை எத்தனை நாள் கவனித்தாரோ தெரியாது. ஒரு நாள் வாயைக் கொப்பளித்துவிட்டு அறிவித்தார். "இந்தத் தெருவுக்கு இனி லிட்டர் வேண்டாம். ஒரு ஜெபத்துக்கு ஒரு குடம்."

அன்று முதல் தெருப் பெண்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். "சின்ன ஐயர் ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டு குடத்தை வைப்பார்கள். ஆமென் சத்தம் கேட்டால் வரிசையாகக் குழாய் மூடும். வெயில் காலத்தில் தண்ணீர் மெலியும்போது, "ரெண்டு ஜெபத்துக்கு ஒரு குடம்" என்று அண்ணாச்சி திருத்தம் வெளியிடுவார். அவர்கள் வீட்டில் கோவிந்தா சொல்லி எண்ணுவார்கள். அதற்கும் வாய்ப்பாடு வைத்திருந்தார், என் ஒரு ஜெபத்துக்கு அவர்கள் கோவிந்தா இத்தனை என்று. எனக்கு இதில் வருத்தமா சந்தோஷமா என்று அன்றைக்குத் தெரியவில்லை. ஒரு தெருவே என் ஜெபத்தைக் காது கொடுத்துக் கேட்டது என்பது மட்டும் உண்மை.

என் மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோதுதான் இந்த வாய்ப்பாடு கழுத்துக்கு வந்தது.

மகன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். நல்ல பையன். ஆனால் இரண்டு இடம் தட்டிப் போயிற்று. இரண்டு இடத்திலும் சொன்ன காரணம் ஒன்றுதான். தண்ணீர் இல்லாத தெருவுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றார்கள். இரண்டாவது இடமும் போன பிறகு அவன் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாவதாக வத்திராயிருப்பில் ஒரு பெண் அமைந்தது. அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்று அவன் தானாக வந்து, "எப்பப்பா போறோம்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே இது அமைய வேண்டும் என்று நான் முழங்காலில் நின்றேன்.

"நானும் வாரேன். தண்ணிப் பேச்சு வரும். நீரு உளறிருவீரு" என்றார் அண்ணாச்சி. அவருக்கும் சேர்த்து பஸ் டிக்கெட் எடுத்தேன்.

வத்திராயிருப்பில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால் ஓடியது. பெண்ணின் அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். பேச்சும் தேங்காய் மாதிரிதான், உடைத்தால்தான் வரும். வீட்டில் பேசுகிற பொறுப்பு பெண்ணின் அம்மாவுக்கு. மிக்சரும் காபியும் வந்தன. பெண் வந்து வணங்கிவிட்டுப் போனாள். என் மகன் காபியை ஆறவிட்டுவிட்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் நன்றாகப் போனது. அப்போது அந்த அம்மா கேட்டார்.

"அண்ணே, எங்க வீட்டுல வாய்க்காத் தண்ணி கதவைத் தட்டும். உங்க தெருவுல தண்ணி எப்படி வருது?"

நான் தொண்டையைச் சரிபண்ணினேன். அதற்குள் அண்ணாச்சி, "ஒரு சாப்பாட்டு ஜெபத்துக்கு ஒரு குடம், தாயி" என்றார்.

அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்தார். "சாப்பாட்டு ஜெபத்துக்கா? அதுக்குள்ள ஒரு குடமா? எங்க வாய்க்காவுல முக்குனாக்கூட அம்புட்டு வெரசா ரொம்பாதே."

அண்ணாச்சி தலையை அடக்கமாக ஆட்டினார். நான் வாயைத் திறந்தேன். "சாப்பிடும் சின்ன ஐயரே" என்று ஒரு கை மிக்சரை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அடுத்த தண்ணீர் நாளில் வீடு பார்க்க வருகிறோம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "அண்ணாச்சி, பொய் சொல்லிட்டீங்களே."

"எது பொய்? உம்ம வீட்டுல ஒரு ஜெபத்துக்கு ஒரு குடம் ரொம்பலையா?"

"ரொம்புது. ஆனா அவிய வீட்டு ஜெபம் வேறயா இருந்தா?"

"எந்த ஜெபம்னு அவிய கேக்கல. நான் சொல்லல."

"அளவு சொல்லாம எண்ண மட்டும் சொல்றவன் ஏமாத்துக்காரன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிருஷ்ணன்கோவில் வரும்வரை ரோட்டோரத் தென்னைகளைத் தெலுங்கில் எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு, "அது போர் போடுறவனுக்கு. கல்யாணத்துக்கு வேற" என்றார்.

அவர்கள் வந்த அன்று காலை என் மனைவி முற்றத்தைக் கழுவி, பச்சைக் குடத்தைப் புளி போட்டு விளக்கினாள். பிளாஸ்டிக் குடத்துக்கு எதற்குப் புளி என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. பெண்ணின் அப்பா, அம்மா இரண்டு பேரும் வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். இலை போட்டு இட்லி வைத்தோம். குழாயில் தண்ணீர் விட்ட சத்தம் கேட்டதும் பெண்ணின் அம்மா எழுந்தார். பச்சைக் குடத்தைத் தானே எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தார். குழாயைத் திறந்தார். பிறகு உள்ளே திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஜெபம் பண்ணுங்க" என்றார்.

அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

கண்ணைத் திறந்தார்.

எல்லோரும் முற்றத்துக்குப் போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்தோம். அடியில் ஒரு விரல் தண்ணீர்கூட இல்லை. ஒரு பூனை குடிக்கலாம்.

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் மகன் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மூன்றாவது இடமும் போயிற்று என்று அவன் தோள் சொல்லியது. என்னால் அந்தத் தோளைப் பார்க்க முடியவில்லை.

"தண்ணி ஏமாத்துதா, ஆளு ஏமாத்துதா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

மதில் மேல் அண்ணாச்சியின் தலை தெரிந்தது. காதில் துளசியோடு தாவி இந்தப் பக்கம் வந்தார். "ரெண்டும் இல்ல தாயி. அளவு மாறிப்போச்சு. இப்பப் பண்ணுனது வத்திராயிருப்பு ஜெபம். வாய்க்கா ஓரத்து ஜெபம், வெரசா ஓடிரும். நான் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபம். இங்கிட்டு ஒண்ணுன்னா அங்கிட்டு இருபது முப்பது. மாத்திக் கணக்குப் போடணும்."

"ஜெபத்துல என்ன அண்ணாச்சி ஊருக்கு ஊரு அளவு?"

"படிக்கு இல்லையா? பட்டணத்துப் படி வேற, நம்ம படி வேறதானே?"

அந்த அம்மா குடத்திலிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். வெறும் குடத்தை மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தார். என்னைப் பார்த்தார். "அப்பச் சரி. அண்ணன் பண்ணட்டும். நான் பாக்கேன்."

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து வாயை அசைக்காமல், "நல்லா இழுத்துப் பண்ணும்" என்றார்.

நான் கண்ணை மூடினேன். குழாய்ச் சத்தம் காதில் விழுந்தது. என்னவெல்லாமோ மனதில் ஓடியது. இழுத்தால் மகனுக்குப் பெண் கிடைக்கும். ஆனால் ஆண்டவரை ஒரு கடிகாரம்போல் முற்றத்தில் நிறுத்திவைத்து நான் எப்படி இழுப்பேன்? வழக்கம்போல் ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கப் பார்த்தேன், வாய் அதைச் சொல்லவில்லை. வேறு எதையோ சொல்லத் தொடங்கியது.

"ஆண்டவரே, எங்க தெருவுல தண்ணி குறைவு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. வெயில் காலத்துல லாரியப் பாத்து நிக்கோம். இதை நான் அன்னைக்கே அவிய வீட்டுல சொல்லியிருக்கணும். மிக்சரைத் தின்னுக்கிட்டு இருந்துட்டேன். இந்த வீட்டுக்கு வார புள்ள குடம் தூக்கணும்னு நாங்க நினைக்கல. நான் தூக்குவேன். எனக்கு முடியாமப் போனா என் மகன் தூக்குவான். இந்தத் தாயி கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. பெத்தவ கேக்கத்தான் செய்வா..."

பிறகு என்ன சொன்னேன் என்று எனக்கு முழுதாக நினைவில்லை. அந்தப் பெண்ணுக்காக ஜெபித்தேன். இந்த இடம் அமையாவிட்டால் அவளுக்கு நல்ல தண்ணீர் உள்ள இடம் அமைய வேண்டும் என்றும் கேட்டேன். அண்ணாச்சிக்காகவும் ஜெபித்தேன், அவர் நாக்குக்காக. குடம் ஞாபகமே இல்லை. காலில் ஜில்லென்று பட்டபோதுதான் ஆமென் சொன்னேன்.

கண்ணைத் திறந்தால் குடம் நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர். எல்லோரும் அதில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் குழாயை மூடவில்லை. பெண்ணின் அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மட்டும் உதட்டை அசைத்து எதையோ முடித்தார்.

"பாத்தியா தாயி. ஒரு ஜெபத்துக்கு ஒண்ணேகால் குடம். நான் குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்."

பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. "அண்ணே, தண்ணி எம்புட்டு வருதுன்னு தெரிஞ்சு போச்சு. குடம் தூக்குறது யாருன்னு சொன்னீகளே, அது போதும் எனக்கு. ஆனா எம்மக சூடாச் சாப்பிடுறவ. அதையும் ஆண்டவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க."

தேங்காய் உடைந்தது. "பையன் தூக்குவானா? தூக்கட்டும், பாப்போம்" என்றார் பெண்ணின் அப்பா.

என் மகன் தூணை விட்டுவிட்டு வந்தான். வழிகிற குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனான். சட்டையெல்லாம் நனைந்தது. அந்தப் போட்டோ வந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் பல் தெரிந்தது.

கல்யாணம் சபையில் நடந்தது. அண்ணாச்சி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதகர் ஜெபம் பண்ணும்போது அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். வெளியே வந்ததும், "பெரிய ஐயரு மூணு குடம்" என்றார்.

பிறகு அவர் கடையை விட்டு நின்றுவிட்டு மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். வருஷம் பல ஆகிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு குடித்தனம். அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் டிவிதான் ஓடுகிறது. சொன்னபடி நானும் மகனும் குடம் தூக்கினோம், இன்றும் தூக்குகிறோம். மருமகள் வந்த வீடு நிறைந்துவிட்டது. பேத்தி இருக்கிறாள். சமீபத்தில் தெருவுக்குப் புதுக் குழாய் பதித்தார்கள். தண்ணீர் பழையதைப்போல் இரண்டு மடங்கு வேகமாக வருகிறது. ஸ்தோத்திரம்.

போன வாரம் ஒரு தண்ணீர் நாளில், நாங்கள் சாப்பிட உட்கார்ந்து, ஜெபம் முடிந்து, மருமகள் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். போன் அடித்தது. அண்ணாச்சி. மருமகள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படி இருக்க தாயி? தண்ணியெல்லாம் எப்படி வருது?"

"நல்லா வருது பெரிய மாமா. புதுக் குழாய் போட்டாச்சு. முன்ன வந்ததுக்கு ரெண்டு மடங்கு வருது."

"அப்படியா? உங்க மாமா ஜெபத்துக்கு இப்ப எம்புட்டு ரொம்புது?"

"அதே ஒரு குடம்தான் பெரிய மாமா. ஆமெனுக்கும் குடத்துக்கும் சரியா இருக்கும்."

போனில் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். போகவில்லை. காதைத் தீட்டிக் கேட்டால் மெல்லக் கேட்டது. "ஒகட்டி... ரெண்டு..."

"சின்ன ஐயரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"தண்ணி ரெண்டு மடங்கு. குடம் அதே குடம். அப்ப உம்ம ஜெபத்துல பாதி எங்க போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டில் இட்லி சூடாக இருந்தது.